இரு கரைக் குதிரை வீரரைக் குளிப்பாட்டிய ஏணியக்காவுக்கு

பாலத்தின் இக்கரையில் பிறந்து அக்கரை வரை பாசம் வளர்த்த பெருந்தகையே! பூங்காப் பிரிவின் புன்னகையே! புறாக்களின் பொல்லாப்புக்கு ஒருநாளும் பணியாத புலியே! பட்டமும் பதக்கமும் தேடாமல், பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்றைப் படைக்கலமாய் ஏந்தி, நாட்டுக்கு விடுதலை வாங்கித் தந்த வீரருக்கு ஆண்டு தவறாமல் காது கழுவிவிட்ட கனிவே! இருபத்தெட்டு ஆண்டுகள் எங்களைத் திட்டித் திருத்திய எங்கள் அன்பு அக்காவே! வணக்கம், வணக்கம், இன்னொரு முறையும் வணக்கம்!

உங்கள் பணி ஓய்வு விழாவில் வாசிக்கும் இந்த மடலை எழுதும் பொறுப்பு பிரிவின் தட்டச்சரான என் தலையில் விழுந்தது. எழுத்தர் புகழ்மொழிகளின் பட்டியல் ஒன்று கொடுத்தார். அதில் முதல் வரி, "எல்லோரையும் ஏற்றிவிட்ட ஏணியே!" நான் அதை அடித்துவிட்டேன். நீங்கள் யாருக்கும் ஏணியாய்ச் சாய்ந்து கிடந்தவர் அல்ல. ஏணியில் முதல் ஆளாய் ஏறியவர். மேலே நின்றுகொண்டு, "கீழ யாருய்யா பிடிச்சிருக்கறது, தூங்கறீங்களா?" என்று கேட்டவர். பிடித்திருந்தவர்கள் நாங்கள். ஏணி ஆடியதும் உண்மை. அதற்கு இந்த மேடையிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம்.

கடமையில் கறார் காட்டிய கண்ணியமே! உங்கள் பண்டகச் சாலை அறைக்குள் நுழைந்தால் மெழுகு வாசனை முதலில் வரும், உங்கள் குரல் இரண்டாவதாக வரும். பிரஷ்கள் உயரவாரியாக ஆணிகளில் தொங்கும். ஈரத் துணியை உதறாமல் கொடியில் போட்டவர் அன்றைக்குத் தொலைந்தார். சுவர்க் கடிகாரத்தை ஏழு நிமிடம் முன்னே நகர்த்தி வைத்தவர் நீங்கள்தான் என்பது எங்களுக்குத் தெரியும். அதனால் நாங்களும் மனதுக்குள் ஏழு நிமிடம் கழித்துக்கொண்டே வந்தோம் என்பது உங்களுக்குத் தெரியாது. அதை இன்று சொல்லிவிடுவதில் ஆபத்தில்லை.

ஆனால் இந்த அவை கூடியிருப்பது கடிகாரத்துக்காக அல்ல. நம் குதிரை வீரருக்கும் உங்களுக்கும் இடையே நடந்த கதையை, அதற்காக நீங்கள் பணயம் வைத்ததை, எல்லோர் முன்னிலையிலும் எடுத்துச் சொல்லவே கூடியிருக்கிறோம்.

இக்கரையும் அக்கரையும் ஒரு காலத்தில் ஒரே அந்நியரிடம் ஒரே மாதிரி அடி வாங்கிய ஊர்கள். குதிரையேறி வந்து இரண்டையும் மீட்டவர் அவர். மீட்ட பிறகு, இரு கரையும் ஒரே நாடாக இருக்கட்டும் என்று கேட்டார், கெஞ்சினார், கோபித்தும் பார்த்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் கண் மூடியதும் ஆளுக்கொரு கொடி, ஆளுக்கொரு தபால் தலை, பாலத்தின் நடுவில் ஒரு வெள்ளைக் கோடு. கடைசிப் படுக்கையில் அவர் சொன்னதைத்தான் இரு கரைப் பீடங்களிலும் பொறித்திருக்கிறார்கள்: "அறைகளைப் பிரித்துக்கொள்ளுங்கள், வாசலை அடைக்காதீர்கள்."

விடுதலையின் நூறாம் ஆண்டில் இரு அரசுகளும் ஒரே வார்ப்படச் சாலையில் இரண்டு வெண்கலச் சிலைகள் செய்யச் சொல்லின. பாலத்தின் இரு முனையிலும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு. குதிரை ஒன்றே, முகம் ஒன்றே. கையில் மட்டும்தான் வேறுபாடு. நம் அரசு வாள் கேட்டது. அக்கரை அரசு ஒற்றுமை ஒப்பந்தச் சுருள் கேட்டது. திறப்பு விழாவில் நம் அமைச்சர் முக்கால் மணி நேரம் வாளின் பெருமை பேசி, "இதோ, அந்த வாளைப் பாருங்கள்!" என்று கயிற்றை இழுத்தார். திரை விழுந்தது. வீரர் கையில் சுருட்டிய காகிதம்!

அமைச்சர் சளைக்கவில்லை. "வேலை முடிஞ்சுதில்ல, வாளை வீட்டுல வச்சிட்டு வந்திருக்கார்" என்றார். அதே நேரத்தில் அக்கரையில் ஒப்பந்தத்தைப் போற்றிக்கொண்டிருந்த அவர்களுடைய அமைச்சர் தலைக்கு மேல் ஒரு வாள் மின்னியது. பாண்டு வாத்தியக்காரர்கள் சமயோசிதமாக உரக்க வாசித்து விழாவை முடித்து வைத்தார்களாம்.

சிலைகள் மாறிவிட்டன என்று இரு நகராட்சிகளும் பதிவேட்டில் எழுதின. நம் பாலமுனைச் சதுக்கத்தில் நிற்பது அக்கரையாருக்குச் சொந்தம், அங்கே நிற்பது நமக்குச் சொந்தம். மாற்றிக்கொள்வதற்கான கோப்பு தலைநகரத்துக்குப் போனது. போனது போனதுதான். அடுத்தவர் சொத்தைத் தொடக் கூடாது என்று பொறியாளர் சொல்லிவிட்டதால் ஓராண்டு முழுவதும் சிலைக்குத் தண்ணீர் காட்டவில்லை. குதிரையின் தலையில் புறாக்கள் குடித்தனம் நடத்தின. அப்போது நீங்கள் எட்டு ஆண்டு அனுபவமுள்ள தோட்டப் பணியாளர். கூட்டத்தில் கடைசி வரிசையிலிருந்து எழுந்து சொன்னீர்கள்: "நம்ம சிலை அங்க இருக்கு, அவங்க சிலை இங்க இருக்கு. நாம அங்க போய்க் கழுவுவோம். அவங்க இங்க வந்து கழுவட்டும். இதுல என்ன குழப்பம்?"

குழப்பமே இல்லாததால் எல்லோரும் திகைத்துப் போனார்கள். இப்படித்தான் பிறந்தது நம் குளிப்பாட்டும் நாள். வீரரின் பிறந்த நாளுக்கு முந்தைய காலை, நம்மவர் ஏழு பேர் அங்கே போக, அவர்கள் ஏழு பேர் இங்கே வர, பாலத்தின் நடுவில் வாளிகளோடு கைகுலுக்கிக்கொள்ளும் வழக்கம் தொடங்கியது. முதல் ஆண்டு காவலர் உங்களை மறித்து, "ஆளுக்குச் சீட்டு இருக்கு. ஏணிக்கு எங்க?" என்றார். நீங்கள் திரும்பி வந்து, என்னிடம் ஏணிக்கும் ஒரு சீட்டு அடிக்கச் சொன்னீர்கள். உயரம் பதினெட்டு அடி, நிறம் பச்சை, அடையாளம்: மூன்றாம் படியில் விரிசல். அன்றிலிருந்து நீங்கள் ஏணியக்கா. அக்கரைக் குழுவின் தலைவர், வெண்கலத்துக்கு மெழுகு தேய்ப்பதில் கெட்டிக்காரர், நமக்கு மெழுகு மாமா.

பிறகு ஆற்று நடுவே ஒரு மணல்திட்டு முளைத்தது. அது யாருடையது என்று இரு அரசுகளும் முறைத்துக்கொண்டன. பதினான்கு ஆண்டுகளுக்கு முன் பாலத்தை மூடினார்கள். அடுத்த வெள்ளத்தில் மணல்திட்டே கரைந்துபோயிற்று, பூட்டு மட்டும் கரையவில்லை. அவரவர் சிலையை அவரவர் பராமரிக்கும் உடன்பாடு மட்டும் காகிதத்தில் உயிரோடு இருந்ததால், ஆண்டுக்கு ஒரு நாள், இரு பக்கமும் ஏழு பேருக்கு மட்டும் வாசல் திறந்தது.

அக்கா, இங்கே கொஞ்சம் அலங்காரத்தை நிறுத்திவிட்டுப் பேசுகிறேன். உங்களுக்கு இருப்பது ஒரே தங்கை. பாலம் மூடுவதற்கு மூன்று ஆண்டுகள் முன்புதான் அவரை அக்கரையில் கட்டிக்கொடுத்தீர்கள். நடந்து போனால் அரை மணி நேரம் என்று அப்போது பெருமையாகச் சொன்னீர்கள். மூடிய பிறகு அந்த அரை மணி நேரம் ஓர் ஆண்டு ஆனது. குளிப்பாட்டும் நாளில் சதுக்கத்தைச் சுற்றிக் கயிறு கட்டியிருப்பார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் உங்கள் தங்கை பிளாஸ்கில் டீயோடு நிற்பார். தையல்காரி அல்லவா, ஒவ்வோர் ஆண்டும் ஒரு ரவிக்கை தைத்து வந்திருப்பார். கயிறு தாண்டி அளவெடுக்க முடியாது. ஒவ்வோர் ஆண்டும் உங்களைக் கண்ணாலேயே அளந்து, மறு ஆண்டுக்குத் தைப்பார். "போன வருஷத்துக்கு இளைச்சிருக்க, சரியா சாப்பிடறதில்லையா?" என்று திட்டுவார். ஒரு முறை பிறந்து நாற்பது நாளான மகனைக் கயிற்றுக்கு மேலே தூக்கிக் காட்டினார். நீங்கள் கையிலிருந்த சோப்பு நுரையைச் சேலையில் துடைத்துவிட்டுக் குழந்தையை வாங்கினீர்கள். அன்றைக்கு மட்டும்தான் குதிரையின் வால் சரியாகக் கழுவப்படவில்லை. நாங்கள் யாரும் அதைக் குறிப்பேட்டில் எழுதவில்லை.

வாய்மையை வயிற்றில் சுமந்த வைராக்கியமே! பாலம் மூடிய மறு ஆண்டு நீங்கள் ஒன்றைக் கண்டுபிடித்தீர்கள். அக்கரைச் சிலையின் மணிக்கட்டில், சட்டைக் கை மடிப்புக்கு அடியில் பிரஷ் விட்டுத் தேய்த்தபோது, அழுக்குக்குள்ளிருந்து இரண்டு போல்ட்டுகள் வெளிப்பட்டன. பக்கத்தில் ஒன்று என்ற எண் பொறித்திருந்தது. குதிரையின் வயிற்றுக்கு அடியில் இரண்டு என்ற எண் இருப்பதை முன்பே பார்த்திருக்கிறீர்கள். ஒன்று நமக்கு, இரண்டு அவர்களுக்கு. உங்களுக்கு விளங்கிவிட்டது. சிலைகள் மாறவே இல்லை! கைகள் தனிப் பெட்டியில் வந்தன. பூட்டியவர் பெட்டியை மாற்றி எடுத்துவிட்டார். அவ்வளவுதான். ஒரு ஸ்பேனர் இருந்தால் அரை மணி நேர வேலை.

நீங்கள் வாயைத் திறக்கவில்லை. பதின்மூன்று ஆண்டுகள், வீட்டிலும் சொல்லவில்லை, எங்களிடமும் மூச்சு விடவில்லை. கைகளை மாற்றிப் பூட்டிவிட்டால் அவரவர் சிலை அவரவரிடம். அதன்பின் யாரும் பாலம் கடக்க வேண்டியதில்லை. கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர் சும்மாவே நின்றுகொண்டிருப்பார்.

இந்த ஆண்டு, நீங்கள் ஓய்வு பெற மூன்று மாதம் இருக்கையில், தொலைந்துபோன கோப்பு திடீரென்று உயிர்த்தெழுந்தது. இரு அரசுகளும் உடன்பட்டுவிட்டன, சிலைகளை மாற்றிக்கொள்ளலாம், குளிப்பாட்டும் போக்குவரத்து இத்துடன் நிறுத்தப்படும் என்று கடிதம் வந்தது. இரு நாட்டுக்கும் பொதுவாக ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர் தலைமையில் ஆணையம் வந்தது. நம் நகராட்சிக் கூட்ட அறையில், கிறீச்சிடும் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வேலைத் திட்டத்தைப் படித்தார்கள். பீடத்துக்குள் சிலை ஆழமாகப் பதிந்திருப்பதால், குதிரையின் கால்களைக் குளம்புக்கு மேலே அறுத்து, கிரேனில் தூக்கி, மறுகரையில் ஒட்ட வைப்பதாகத் திட்டம். சுருக்கெழுத்தில் "கால்" என்று எழுதியவன் நிமிர்ந்து பார்த்தேன். நீங்கள் எழுந்து நின்றிருந்தீர்கள்.

"சிலை மாறலைங்கய்யா. கை மட்டும்தான் மாறியிருக்கு. ரெண்டே போல்ட்டு."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "உங்களுக்கு எப்போதிலிருந்து தெரியும்?"

"பதிமூணு வருஷமா தெரியும்."

"ஏன் சொல்லவில்லை?"

"என் தங்கச்சி அந்தக் கரையில இருக்கா. வருஷத்துக்கு ஒரு தரம் பார்ப்பேன். அந்த ரெண்டு போல்ட்டைக் கழட்டிட்டா அதுவும் போயிடும். அதான் சொல்லல. தப்புதான்."

"பின் இப்போது ஏன் சொல்கிறீர்கள்?"

"குதிரையோட காலை அறுக்கப் போறீங்க. அதைக் கேட்டுட்டு எப்படிய்யா வாயை மூடிட்டு உட்கார்றது? இருபது வருஷமா நானே தேய்ச்ச காலு."

தங்கையின் பிளாஸ்குக்காகவும் ரவிக்கைக்காகவும் திட்டுக்காகவும் பதின்மூன்று ஆண்டுகள் காப்பாற்றி வைத்திருந்த ரகசியத்தை, நீங்களே உங்கள் கையால் எடுத்துக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தீர்கள். மூன்று மாதத்தில் ஓய்வு பெறப்போகிறவர் மேல் துறை நடவடிக்கை பாயலாம் என்பதும் உங்களுக்குத் தெரியும். நாங்கள் ஆறு பேர் அங்கேதான் இருந்தோம். சத்தியமாகச் சொல்கிறோம் அக்கா, நம் வீரரின் வீரத்தைப் பாடப் புத்தகத்தில் படித்திருந்தோம், அன்றைக்குத்தான் நேரில் பார்த்தோம்.

அப்போது, விசாரணைக்காக அழைக்கப்பட்டிருந்த அக்கரைக் குழுவின் நாற்காலிகளிலிருந்து ஒரு செருமல் கேட்டது. மெழுகு மாமா மெதுவாக எழுந்தார். "எனக்கும் தெரியுங்க" என்றார். "பதினோரு வருஷமா. எங்க பக்கத்துல சொன்னா என் ஆளுங்க இந்தப் பக்கம் வர்றது நின்னுடும். அதான், மெழுகை எடுத்து எண்ணு மேல அப்பிட்டேன்." நீங்கள் அவரைப் பார்த்தீர்கள், அவர் உங்களைப் பார்த்தார். ஒரு வார்த்தை கலந்து பேசாமல் இரு நாட்டுப் பிரஜைகள் இத்தனை ஆண்டுகள் ஒரே பொய்யை ஒற்றுமையாகக் காப்பாற்றியிருக்கிறீர்கள்! இதைவிடச் சிறந்த இரு தரப்பு உடன்பாட்டை எந்த அரசு போட்டது?

முதலில் சிரித்தவர் நீதிபதிதான். பிறகு அறையே சிரித்தது. அன்றே சதுக்கத்துக்கு வந்து, மூட்டு வலியையும் பொருட்படுத்தாமல் நம் ஏணியில் நான்கு படி ஏறி, கழுத்தை நீட்டிப் போல்ட்டுகளைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் இறங்கினார். ஒரு மாதத்தில் தீர்ப்பு வந்தது. நம் வீரரின் கை அவர்களிடமும், அவர்கள் வீரரின் கை நம்மிடமும் அப்படியே இருக்கட்டும். அவரவர் கையை அவரவர் ஆண்டுதோறும் வந்து கழுவிப் போகட்டும். "கை கழுவும் பணி" என்று தலைப்புக் கொடுத்தால் ஊர் வேறு மாதிரிப் பேசும் என்று எழுத்தர் பதறியதால், "கரப் பராமரிப்பு" என்று தட்டச்சு செய்தேன். குளிப்பாட்டும் நாள் சட்டமாயிற்று. உங்களுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதமும் வந்தது. இனிமேல் இதுபோல் எதையும் மறைக்கக் கூடாதாம், மிச்சமிருக்கும் இரண்டு மாதங்களில்!

ஆனால் அக்கா, தீர்ப்பைப் படித்து எல்லோரும் கை தட்டியபோது நீங்கள் மட்டும் பண்டகச் சாலைக்குப் போய்ப் பிரஷ்களைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். காரணத்தை நாங்கள் அறிவோம். வாசல் பணியில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் திறக்கும். அடுத்த குளிப்பாட்டும் நாள் வரும்போது நீங்கள் ஓய்வு பெற்றவர். வழக்கத்தைக் காப்பாற்றியவருக்கே அந்த வழக்கத்தில் இடமில்லை. நீங்களோ, புதிதாகப் பொறுப்பேற்பவருக்குக் குதிரையின் காதை எந்தப் பக்கமிருந்து கழுவ வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தீர்கள்.

ஆகவே, எச்சரிக்கப்பட்டவர் நீங்கள் என்பதால், மறைக்கும் வேலையை இம்முறை நாங்கள் எடுத்துக்கொண்டோம். நீதிபதியின் அறிக்கையில் இன்னொரு பத்தி உண்டு. அதை உங்களுக்குக் கொடுத்த நகலில் சேர்க்காமல் விட்டவன் நான். அந்தப் பத்தி இதுதான்: "ஊழியர் ஒருவர் பதின்மூன்று ஆண்டுகள் உண்மையை மறைத்தது தவறு. உடன்பிறந்தவளைப் பார்க்க அவர் சிலை கழுவ வேண்டியிருந்தது, நம் எல்லோருடைய தவறு. இரு அரசுகளும் உறவினரைக் காண ஒரு நாள் சீட்டு வழங்கப் பரிந்துரைக்கிறேன்." இரு அரசுகளும் சென்ற வாரம் அதில் கையெழுத்திட்டுவிட்டன. மணல்திட்டைப் பற்றி யாரும் பேசவில்லையாம். அது எங்கே இருந்தது என்றே யாருக்கும் நினைவில்லை.

இதோ, இந்த மடலோடு உங்கள் சீட்டையும் இணைத்திருக்கிறோம். எண் ஒன்று. வருகையின் நோக்கம் என்ற கட்டத்தில், சிலை என்றோ கை என்றோ எதுவும் இல்லை. "தங்கையைப் பார்க்க" என்று இருக்கிறது. எண் மூன்று முதல் நாற்பத்தொன்று வரை இன்று காலை வாசலில் எழுதிக் கொடுத்தார்கள். மகளைப் பார்க்க, அண்ணனைப் பார்க்க, கூடப் படித்தவனைப் பார்க்க, சண்டை போட்டுவிட்டு வந்த சம்பந்தியிடம் சமாதானம் பேச என்று ஆளுக்கொரு நோக்கம்.

நிமிர்ந்த நடையும் நோயற்ற உடலும் நீண்ட ஆயுளும் பெற்று, காலை ஆறு மணிக்கு எழுந்து யாரையாவது திட்டும் உற்சாகம் குறையாமல், பேரன் பேத்திகளின் காதையும் அதே பல் துலக்கும் பிரஷ்ஷால் கழுவிவிடும் ஆர்வத்தை மட்டும் அடக்கிக்கொண்டு, நூறாண்டு நீங்கள் வாழ வேண்டும்! இரு கரைகளும் வாழ்த்துகின்றன!

எண் இரண்டை நான் சொல்லவில்லை. அது அக்கரையில் வாங்கிய சீட்டு. அந்தச் சீட்டை வாங்கியவர் இந்த மடல் தொடங்கியபோதே வந்துவிட்டார். கடைசி வரி வரை வெளியே நிற்கச் சொல்லியிருந்தோம், பொறுக்க மாட்டார் என்றும் பயந்தோம். வாசித்தது போதும். கதவைப் பாருங்கள், அக்கா. இன்றைக்குக் கயிறு இல்லை.

உங்கள் ஏணியைப் பிடித்தவர்கள்,
இக்கரைப் பூங்கா மற்றும் சிலைப் பிரிவு ஊழியர்கள் ஆறு பேர்,
அக்கரைப் பூங்கா மற்றும் சிலைப் பிரிவு ஊழியர்கள் ஏழு பேர்.
(இடம் போதாததால் அக்கரையார் பின்பக்கத்தில் ஒப்பமிட்டிருக்கிறார்கள். சட்டகத்துக்கு இருபுறமும் கண்ணாடி போடச் சொல்லியிருக்கிறோம்.)